காலைப் பசியும் கணக்குப் பாடமும்

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுங்கள். நேற்றிரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று காலையில் ஒரு டம்ளர் வரக்காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்துவிட்டீர்கள். இனி உணவைக் காண்பது பகல் பன்னிரண்டரை மணிக்குத்தான். இடையில் கழிந்த நேரம் எவ்வளவு? பதினாறரை மணி!

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. மல்லிகை மொட்டை வெயில் ஏறுமுன் பறித்தாக வேண்டும். நடவு நாட்களில் பெற்றோர் இருட்டோடு வயலுக்குப் போயாக வேண்டும். வீட்டிலிருக்கும் பெரிய பெண் தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். அடுப்பு மூட்ட நேரம் ஏது? முதல் பீரியடில் கணக்கு. ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பிள்ளை விழிக்கிறது. "மந்தம்" என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்காருகிறது.

குற்றம் மூளையிலா, இரைப்பையிலா? விஞ்ஞானத்திடம் இதற்கு ஒரு விடை உண்டு. ஆனால் அது நேராக வராது. சற்றுச் சுற்றி வளைத்துத்தான் வரும். பொறுமையாகக் கூடவே வாருங்கள்.

கல்லீரல் என்னும் குதிர்

நம் கிராமத்து வீடுகளில் நெல்லைக் கொட்டி வைக்கும் மண் குதிரை நீங்கள் பார்த்திருக்கலாம். அறுவடையின்போது நிரப்பி, தேவைப்படும்போது அடியிலுள்ள வாய் வழியே எடுத்துக்கொள்வார்கள். நம் உடலிலும் அப்படி ஒரு குதிர் இருக்கிறது. அதுவே கல்லீரல். இதைக் கண்டு சொன்னவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்டு. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைக்கோஜன் என்ற பொருளாக மாற்றிச் சேமிக்கிறது. பிறகு சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுகிறது. அந்தக் கிளைக்கோஜனை 1857ஆம் ஆண்டில் அவர் பிரித்தெடுத்துக் காட்டினார்.

நன்கு சாப்பிட்ட பெரியவர் ஒருவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் கிளைக்கோஜன் இருக்கும். தசைகளில் அதைவிடப் பல மடங்கு உண்டு. ஆனால் தசை பெரிய கருமி! தன் கையிருப்பைத் தன் வேலைக்கு மட்டுமே செலவிடும். குளுக்கோஸாக்கி இரத்தத்துக்குத் தராது. ஆகவே இரவு முழுவதும் மூளைக்குப் படியளப்பது கல்லீரல்தான்.

மூளையின் எடை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. அதன் செலவோ, நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ், அதாவது மணிக்கு 5 கிராம். நாம் உறங்கும்போதும் அது வேலையை நிறுத்துவதில்லை. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரத்தில் மூளைக்கு மட்டும் 60 கிராம். விடியும்போது குதிரில் பாதிக்கு மேல் காலி.

அப்படியானால் காலையில் சாப்பிடாவிட்டால் மூளை நின்றுவிடுமா? நிற்காது. குதிர் குறையும்போது கல்லீரல் வேறொரு வேலையைத் தொடங்குகிறது. தசைப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரால் ஆகியவற்றைக் கொண்டு புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. நல்ல உடல்நிலையிலுள்ள பெரியவர் ஒருவர் காலை உணவைத் தவறவிட்டாலும் அவருடைய இரத்தச் சர்க்கரை பெரிதாகச் சரிந்துவிடுவதில்லை. "காலையில் இதைச் சாப்பிட்டால் மூளை சுறுசுறுப்பாகும்" என்று வண்ண விளம்பரம் செய்பவர்கள் இந்தச் செய்தியைச் சொல்ல மாட்டார்கள். காலை உணவின் பெருமையைப் பேசும் பழைய ஆய்வுகளில் பேர்போனவை அமெரிக்காவின் அயோவாவில் நடந்தவை. அவற்றின் தொகுப்பை 1962இல் வெளியிட்டது யார் தெரியுமா? காலைத் தானிய உணவுத் தொழிலின் அமைப்பு!

ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது பெரியவர்களைப் பற்றி அல்லவே. ஆறு வயதுக் குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது. அதன் கல்லீரலோ மிகச் சிறியது, தசையும் குறைவு. செலவாளி பெரியவன், குதிர் சிறியது! கிறிஸ்டோபர் குசாவா என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதை ஒட்டி ஒரு குழந்தை ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்தக் குழந்தை ஏற்கெனவே மெலிந்ததாகவும் இருந்துவிட்டால்? புதிதாகக் குளுக்கோஸ் செய்ய வேண்டிய மூலப்பொருளும் அதன் உடலில் சொற்பம்தான்.

கால் ஆரஞ்சுப் பழம்

இது காகிதத்தில் போட்ட கணக்கு. உண்மையான பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டாமா? அதைச் செய்தவர்களைக் காண நாம் மதுரையை விட்டு வெகுதூரம், கரீபியன் கடலிலுள்ள ஜமைக்கா தீவுக்குப் போக வேண்டும். அங்கும் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகள் உண்டு.

டொனால்ட் சிமியன், சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற இருவர் ஒன்பது, பத்து வயதுள்ள 90 பிள்ளைகளை மூன்று குழுக்களாக எடுத்துக்கொண்டனர். முதல் குழுவினர் நன்கு வளர்ந்தவர்கள். இரண்டாம் குழுவினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். மூன்றாம் குழுவினர் சிறு வயதில் கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளாகித் தேறியவர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு காலைகளில் சோதித்தார்கள். ஒரு நாள் நல்ல காலை உணவு. மற்றொரு நாள் வெறும் தேநீர். அந்தத் தேநீரும் இனிக்கும், ஆனால் அதில் சர்க்கரை கிடையாது. ஆற்றல் தராத செயற்கை இனிப்பே இருந்தது. நம் வரக்காப்பிக்கு ஓர் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

1989இல் வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஊட்டக்குறைவுக்கு ஆளான பிள்ளைகள் சாப்பிடாத நாளில் சில சோதனைகளில் பின்தங்கினர். நன்கு வளர்ந்த பிள்ளைகளிடமோ அந்த இறக்கம் இல்லை. கணக்கில் அவர்கள் சாப்பிடாத நாளில் சற்றுக் கூடுதலாகவே மதிப்பெண் எடுத்தனர். பசி எல்லாரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. கையிருப்பு உள்ளவன் ஒரு வேளையைத் தாங்கிக்கொள்கிறான்; இல்லாதவன் தள்ளாடுகிறான். முதல் பீரியடில் விழித்த அந்தப் பெண்ணைப் பற்றி நாம் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான விடை இல்லை.

இதே ஆராய்ச்சிக் குழுவைச் சார்ந்தவர்கள் பின்னர் 16 கிராமப் பள்ளிகளில் 814 பிள்ளைகளை வைத்து ஓராண்டு நீண்ட சோதனை ஒன்றை நடத்தி, 1998இல் முடிவை வெளியிட்டனர். பாதிப் பேருக்குத் தினமும் பள்ளியில் காலை உணவு. மீதிப் பேருக்குக் கால் ஆரஞ்சுப் பழம்! ஏன் இந்தக் கால் பழம்? யோசித்துப் பாருங்கள். யாரோ வந்து தினமும் நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியே பிள்ளைகளை மாற்றிவிடக்கூடும். அந்த மகிழ்ச்சி இரு சாராருக்கும் கிடைக்க வேண்டும். உணவு மட்டும் ஒரு சாராருக்குக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் மாற்றத்துக்குக் காரணம் உணவே என்று துணிந்து சொல்லலாம். ஆண்டு முடிவில் காலை உணவு பெற்றவர்களின் உயரமும் எடையும் வருகையும் சற்று உயர்ந்திருந்தன. சிறிய வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறியிருந்தனர். எல்லாமே சிறு உயர்வுகள்தாம். ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதவை.

ஜமைக்காவில் நடந்த மற்றொரு சோதனையையும் சொல்லாமல் விட மனமில்லை. நான்கு பள்ளிகளில் காலை உணவு கொடுத்து, வகுப்பில் பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்தனர். வசதியான பள்ளியில் பிள்ளைகள் பாடத்தில் கூடுதல் கவனம் செலுத்தினர். நெரிசலும் வசதிக் குறைவும் உள்ள மற்றப் பள்ளிகளில் ஒழுங்கு முன்னிலும் கெட்டது! பிள்ளைகளுக்குப் பேசத் தெம்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். வயிற்றை நிரப்பிய பிறகு வகுப்பறையையும் கவனிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள்.

சிம்மக்கல்லில் ஒரு காலை

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், மதுரை சிம்மக்கல் பகுதியிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில், தமிழக அரசின் காலை உணவுத் திட்டத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த சுமார் 1,14,000 பிள்ளைகளுக்கு உணவு கிடைத்தது. 2023 ஆகஸ்டில் திட்டம் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. 2024இல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் மதிய உணவுக்கு நெடிய வரலாறு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956இல் காமராசர் காலத்தில் அது மாநிலத் திட்டமாக விரிந்தது, 1982இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் சத்துணவாக வளர்ந்தது. ஆனால் முதல் பீரியடின் பசிக்கு மதிய உணவு எப்படி மருந்தாகும்?

அந்தக் காலை உணவில் என்ன இருந்தது? ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல் என்று முறை வைத்து, காய்கறி சாம்பாரோடு கொடுத்தார்கள். திட்டம் வகுத்த அளவின்படி ஒரு பிள்ளைக்கு ரவை, அரிசி, சேமியா போன்றவற்றில் ஒன்று 50 கிராம்; சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 கிராம் ரவையில் சுமார் 175 கிலோ கலோரி. 15 கிராம் பருப்பில் சுமார் 50. எண்ணெயும் காய்கறியும் சேர்ந்தால் இன்னும் கூடும். மூளைக்கு மணிக்கு 5 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 20 கிலோ கலோரி என்றால், நான்கு மணி நேர வகுப்புக்கு 80. மூளைக்குப் போக, ஓடி விளையாடவும் மிச்சம் இருக்கிறது.

உப்புமாவோடு சாம்பார் ஏன்? தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி; ஆனால் பருப்பில் மெத்தியோனின் குறைவு, அது தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லிக்கும் இதே பெருமை உண்டு. உப்புமா என்றால் முகம் சுளிப்பவர்கள் சாம்பாரையாவது மிச்சம் வைக்காதீர்கள்.

திட்டம் வந்தபின் பள்ளி வருகை கூடியதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆயினும் ஜமைக்காவின் கால் ஆரஞ்சை மறந்துவிடாதீர்கள்! முன்னும் பின்னும் எண்ணிப் பார்ப்பது ஒன்று. உணவு பெற்றவரையும் பெறாதவரையும் ஒரே காலத்தில் ஒப்பிடுவது வேறொன்று. பசித்த பிள்ளைக்கு உணவு கொடுக்க விஞ்ஞானியின் சான்றிதழ் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் எவ்வளவு பயன், யாருக்குப் பயன் என்று சொல்ல அது தேவை.

"எனக்குக் காலையில் பசிக்கவே இல்லையே!"

உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய உங்களில் பலர் இப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும், அம்மா கெஞ்சுவார், தொண்டையில் இறங்காது. இது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. இதற்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

மதுரையிலிருந்து தேனி சாலையில் போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரும். அருகே கீழக்குயில்குடியில் சமணர் மலை. அங்குள்ள குகை ஒன்றில் வௌவால்கள் வாழ்ந்தன. வெளிச்சமே எட்டாத இருளில் தொங்கிக்கொண்டிருந்தாலும், வெளியே பொழுது சாய்வதை அவை எப்படியோ அறிந்து பறந்து வந்தன. பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் இவற்றை ஆராய்ந்து, உயிர்களுக்குள்ளே ஓடும் கடிகாரத்தைப் பற்றிப் பல உண்மைகளைக் கண்டனர். பின்னர் பல்கலைக்கழகத்திலேயே மனிதருக்கான தனிமை அறை ஒன்றை அமைத்தனர். அதில் கடிகாரம் இல்லை, வானொலி இல்லை, வெளியுலகைக் காட்டும் சன்னல் இல்லை. தாமாக முன்வந்தவர்கள் அதில் பல நாட்கள் தங்கி, தோன்றியபோது உண்டு, தோன்றியபோது உறங்கினர். இத்தகைய அறைகளில் மனிதரின் ‘நாள்’ 24 மணியில் நிற்பதில்லை. சற்று நீண்டு விடுகிறது. சிலருக்கு உடல் வெப்பம் ஒரு தாளத்திலும் உறக்கம் மற்றொரு தாளத்திலும் பிரிந்து போனதும் உண்டு.

அப்படியானால் வெளியுலகில் நம் கடிகாரம் ஏன் பிந்திப் போவதில்லை? காலை வெளிச்சம் தினமும் அதன் முள்ளைத் திருப்பி வைக்கிறது. கண் வழியே புகும் ஒளி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள மிகச் சிறிய நரம்புத் திரளுக்குச் செய்தி அனுப்புகிறது. அதுவே தலைமைக் கடிகாரம்.

பசிக்கும் ஒரு தாளம் உண்டு. பாஸ்டன் நகரில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், உடல் கடிகாரத்தின் கணக்கில் காலை எட்டு மணியளவில் பசி மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணியளவில் மிக அதிகமாகவும் இருந்தது. போதாக்குறைக்கு, உங்கள் வயதில் இந்தக் கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. அதனால்தான் இரவில் உறக்கம் வர மறுக்கிறது. கைபேசியின் ஒளியை நள்ளிரவு வரை பார்த்தால் இன்னும் பிந்தும். விடிந்தும் உங்கள் உடலுக்குள் மட்டும் விடியாமல் இருக்கிறது. எழுந்த கையோடு இட்லியை நீட்டினால் எப்படி இறங்கும்?

தெப்பக்குளத்து நடை

இங்கேதான் உடற்பயிற்சி நமக்குக் கை கொடுக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். குளத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகும். இரண்டு சுற்று வேகமாக நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் பயிற்சி. கூடவே கண்ணுக்குக் காலை வெளிச்சம். கடிகாரமும் திருத்தப்படுகிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும் மதுரையில் ஓடி விளையாட இதைவிடத் தோதான நேரம் கிடையாது என்பது வேறு.

நடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? இதயத் துடிப்பு கூடுகிறது. மூளைக்குள் விழிப்பூட்டும் வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. வேலை செய்யும் தசை, இன்சுலினின் தயவு இல்லாமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும் வாயில்களைத் திறக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது வயதை ஒட்டிய 20 பிள்ளைகளை ஒரு நாள் 20 நிமிடம் நடக்க வைத்தும், ஒரு நாள் சும்மா உட்கார வைத்தும் சோதித்தனர். நடந்த நாளில் கவனச் சோதனையில் தவறுகள் குறைந்தன. படித்துப் புரிந்துகொள்வதும் மேம்பட்டது. மூளையின் மின் அலைப் பதிவிலும் வேறுபாடு தெரிந்தது. இருபதே பேர் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது ஒரே தவணையில் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஒன்று. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்தோமே, தண்ணீர்க் குடம் சுமந்து, மாட்டைக் கவனித்து, பஸ்ஸுக்கு ஓடி வந்த பெண். அவளுக்குக் காலைப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது! அவளையும் டிரில் வகுப்பில் நான்கு சுற்று ஓட விடுவது அறியாமை. அவளுக்குத் தேவை உப்புமா. ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால், மேலே சொன்ன திட்டத்தில் அவளுக்கு இடமும் இல்லை. முதல் நாள் இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கொஞ்சம் மோர், ஒரு சின்ன வெங்காயம், கையில் பொதிந்த ஒரு பிடி வறுகடலை, இவற்றுக்கு அடுப்பு வேண்டாம். விலை உயர்ந்த டப்பா உணவு எதுவும் செய்வதை இவையும் செய்யும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கைந்து செய்தித்தாள் பத்திகளை வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்தில் ‘ன’ என்ற எழுத்தை எத்தனை இடத்தில் கண்டு கோடிட முடிகிறது, எத்தனை விடுபட்டன என்று எண்ணுவதே சோதனை. பத்து நண்பர்கள் சேருங்கள். எல்லாரும் வழக்கம்போலக் காலை உணவு சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். பசியை வைத்து நண்பர்களிடம் சோதனை செய்யக் கூடாது! ஒரு நாள் 20 நிமிடம் வேகமாக நடந்து, நாடி பழைய நிலைக்கு வந்தபின் எழுதுங்கள். மற்றொரு நாள் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்து எழுதுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தாலேயே வேகம் கூடும். ஆகவே ஐந்து பேர் முதல் நாள் நடக்கட்டும். மற்ற ஐந்து பேர் முதல் நாள் உட்காரட்டும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளுங்கள். தாள்களைத் திருத்துபவர் பதினோராவது நண்பராக இருக்க வேண்டும். எந்தத் தாள் நடந்தவருடையது, எது உட்கார்ந்தவருடையது என்பது அவருக்குத் தெரியவே கூடாது.